சர்வீஸ்நவ் அட்மின் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

சென்ற வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "அண்ணா, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க" என்று ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினான். ஆறே வரி. மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பு, எழுத்து மாறாமல் அங்கே இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நிறுவனங்கள் ஐடி புகார்களை டிக்கெட்களாகப் பதிந்து கையாளும் தளம்தான் சர்வீஸ்நவ். பாஸ்வேர்டைப் பகிராதே, நேராக, நிஜ வேலை நடக்கும் புரொடக்‌ஷனில் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபீல்ட் பெயரில் ஓர் எழுத்துப் பிழை

டேபிளில் இருந்து ரெக்கார்டுகளை எடுக்க கிளைட்ரெக்கார்ட் எழுதுகிறோம், ஆட்குவரி போட்டு நிபந்தனை சேர்க்கிறோம். நிபந்தனையில் எழுதிய ஃபீல்ட் அந்த டேபிளிலேயே இல்லை என்றால்? எரர் காட்டி நின்றுவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நிற்காது. லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த நிபந்தனையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சம் உள்ளதை வைத்துத் தேடும். இருந்ததே அந்த ஒரு நிபந்தனைதான் என்றால் டேபிள் முழுவதும் கைக்கு வந்துவிடும். அதற்கு அடுத்த வரியில், வந்த எல்லாவற்றையும் அழிக்கும் டெலீட்மல்டிப்பிள் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் அழிக்கவில்லை, மாற்றினேன். ஒரு கிளையண்டில் பழைய சப்போர்ட் டீம் ஒன்றைக் கலைத்தார்கள். அவர்கள் பெயரில் திறந்திருந்த இன்சிடென்ட்களை, அதாவது புகார் டிக்கெட்களை, வேறொரு டீமுக்கு மாற்ற வேண்டும். இரண்டு நிபந்தனைகள்: ஆக்டிவ் ஆக இருக்க வேண்டும், அசைன்மென்ட் குரூப் பழைய டீமாக இருக்க வேண்டும். அசைன்மென்ட் என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஓர் 'என்' விட்டுப்போயிருந்தது. அதனால் இரண்டாவது நிபந்தனை கழன்றுபோய், ஆக்டிவ் என்பது மட்டும் நின்றது. அந்த நிறுவனத்தில் அன்று திறந்திருந்த எல்லா டிக்கெட்டும், 1,800-க்கு மேல், ஒரே டீமின் தலையில் போய் விழுந்தன.

சோதனைத் தளமான டெவ்வில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புரொடக்‌ஷனுக்குப் போனேன். இதைத்தான் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறேன். டெவ்வில் ஓட்டியதும் பழைய டீமின் டிக்கெட் இரண்டைத் திறந்து பார்த்தேன். மாறியிருந்தது. திருப்தியாக மூடிவிட்டேன். மாறக்கூடாத ஒரு டிக்கெட்டையும் நான் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இன்றைக்கும் புதியவர்கள் டெஸ்ட் செய்வதை நின்று கவனித்தால், மாற வேண்டியது மாறியதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் செய்திருந்தேன். டிக்கெட் மாறும்போது எல்லாருக்கும் மெயில் போய்த் தொந்தரவாகுமே என்று செட்வொர்க்ஃப்ளோவை ஃபால்ஸ் ஆக்கியிருந்தேன். அது மெயிலோடு நிற்காது. ரெக்கார்ட் மாறும்போது தானாக ஓடும் பிசினஸ் ரூல்கள் ஓடாது, யார் எதை மாற்றினார் என்ற ஆடிட்டும் பதிவாகாது. எந்த டிக்கெட் முன்பு எந்த டீமிடம் இருந்தது என்பதற்கு ஹிஸ்டரியில் ஒரு தடயமும் இல்லை. மெயில் போகாததால் யாருக்கும் உடனே தெரியவும் இல்லை. நெட்வொர்க் டீம், டேட்டாபேஸ் டீம் எல்லாரும் தங்கள் லிஸ்ட் காலியானதைப் பார்த்து, இன்று வேலை குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடங்கில் பார்கோடு பிரிண்டர்கள் நின்றுபோய் பதிவான, மிக அவசரமான பி1 டிக்கெட் 40 நிமிடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. லாரிகள் வாசலில் நின்றன.

மீட்டது எப்படி என்றால், ஒரு மேனேஜருக்குத் தினமும் காலை 6 மணிக்கு, திறந்திருக்கும் டிக்கெட்களின் எக்செல் ஒன்று தானாக மெயிலில் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் எண்ணும் குரூப் பெயரும் அதில் இருந்தன. அதை வைத்து முக்கால்வாசியைத் திருப்பினோம். காலை 6-க்குப் பிறகு வந்தவற்றை, ஒவ்வொன்றாகத் திறந்து, வொர்க் நோட்ஸைப் படித்து, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு மாற்றினோம். ராத்திரி இரண்டு மணி ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் ஃபீல்ட் பெயரைக் கையால் டைப் செய்வதில்லை. லிஸ்டில் ஃபில்டர் போட்டு, வர வேண்டியதுதான் வருகிறதா என்று கண்ணால் பார்த்து, மேலே தெரியும் ஃபில்டர் வரியான பிரெட்கிரம்பில் ரைட் கிளிக் செய்து காப்பி குவரி எடுத்து, அதை ஆட்என்கோடட்குவரியில் ஒட்டுகிறேன். மாற்றும் வரியை எழுதுவதற்கு முன் எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டுப் பார்க்கிறேன். லிஸ்டில் 63 என்றால் ஸ்கிரிப்டிலும் 63 வர வேண்டும். இப்போதைய வெர்ஷன்களில் பேக்கிரவுண்ட் ஸ்கிரிப்ட் பக்கத்தில் ரோல்பேக்குக்கு, அதாவது மாற்றியதைத் திரும்பப் பெற, பதிவு செய்யவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதில் டிக் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கிளைட் டாட் இன்வேலிட்_குவரி டாட் ரிட்டர்ன்ஸ்_நோ_ரோஸ் என்று ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி உண்டு. அதை ட்ரூ ஆக்கினால் தப்பான ஃபீல்டுக்கு ஒரு ரெக்கார்டும் வராது. புது இன்ஸ்டன்ஸ், அதாவது புதிதாக அமைக்கும் தளம், என்றால் முதல் நாளே செய்துவிடுங்கள். பழையது என்றால், தப்பான குவரியோடு வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்கள் திடீரென்று வெறுங்கையாக நிற்கும். முதலில் டெவ்வில் போட்டு லாகைப் பாருங்கள். இவ்வளவு பெரிய ஆபத்தைத் தடுக்கும் ஒன்றை நாமாகத் தேடிப் போய்ப் போட வேண்டியிருக்கிறதே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கூடவே வரும் ஸ்கிரிப்டைத் திருத்துவது

ஆஸ்பென், பெர்லின், கால்கரி என்று ஆங்கில அகரவரிசையில் இடப் பெயர் சூட்டி வருடத்துக்கு இரண்டு ரிலீஸ் விடும் தளம் இது. அதனோடு வந்த ஸ்கிரிப்டில் நீங்கள் ஒரு வரி மாற்றினாலும் அது உங்களுடையதாகிவிடும். அப்கிரேட் அதைத் தொடாமல் தாண்டிப் போகும். ஒவ்வொரு அப்கிரேடிலும் ஸ்கிப்ட் லிஸ்டில் அது வந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் யாராவது உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். காப்பி எடுத்து மூலத்தை இன்ஆக்டிவ் ஆக்கினால், மூலத்துக்கு வரும் புதுத் திருத்தங்கள் காப்பிக்கு வராது. தனியாக ஒரு சின்ன ரூல் எழுதித் தீருமா என்று முதலில் பாருங்கள்.

அப்டேட் செட் எல்லாவற்றையும் தூக்கிப்போகும் என்று நம்புவது

ஒரு தளத்தில் செய்த மாற்றங்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொட்டலம்தான் அப்டேட் செட். அது கான்ஃபிகரேஷனை மட்டும்தான் பிடிக்கும். நீங்கள் டெவ்வில் உருவாக்கிய குரூப், யூசர், டிக்கெட் எல்லாம் டேட்டா, வராது. அசைன்மென்ட் ரூல் புரொடக்‌ஷனுக்குப் போயிருக்கும், அது சுட்டும் குரூப் அங்கே இருக்காது. அதே பெயரில் அங்கே கையால் உருவாக்கினாலும் பயனில்லை, ரெக்கார்டின் 32 எழுத்து அடையாளமான சிஸ்ஐடி வேறாக இருக்கும். குரூப்பை எக்ஸ்எம்எல்லாக எடுத்து இம்போர்ட் செய்யுங்கள்.

டீஃபால்ட் அப்டேட் செட்டில் வேலை செய்வது

வேண்டாம்.

பிஃபோர் ரூலில் கரண்ட் டாட் அப்டேட்

ரெக்கார்ட் சேவ் ஆவதற்கு முன் ஓடும் பிசினஸ் ரூலில் அந்த வரி தேவையே இல்லை. ரூல் முடிந்ததும் ரெக்கார்ட் தானாகவே சேவ் ஆகும்.

அட்மினாகவே டெஸ்ட் செய்வது

யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் ஏசிஎல்களில் பெரும்பாலானவை அட்மினுக்கு வழிவிட்டுவிடும். உங்களுக்குத் தெரியும் பட்டன் சர்வீஸ் டெஸ்க்கில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது. இம்பர்சனேட் செய்து, அதாவது வேறொருவராக நுழைந்து, டிக்கெட் கையாளும் ஐடிஐஎல் ரோல் உள்ள ஒருவராகவும் எந்த ரோலும் இல்லாத ஒருவராகவும் பாருங்கள்.

ரோலை ஆளுக்கு ஆள் கொடுப்பது

குரூப்புக்குக் கொடுங்கள்.

குளோன் தேதியை மறப்பது

புரொடக்‌ஷனை அப்படியே நகலெடுத்து டெவ் மேல் குளோன் செய்தால் டெவ்வில் பாதியில் கிடக்கும் வேலை எல்லாம் போய்விடும். வெள்ளி இரவு குளோன் என்றால் வியாழன் மாலையே அப்டேட் செட்டை மூடி, எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து, வெளியே ஓர் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியிடமும் நேற்று இதைச் சொன்னேன். இந்த மாதக் குளோன் வரும் வெள்ளிக்கிழமை.