ஆம்னி, ஈகோ வேன் பராமரிப்பு: நீங்களே செய்யக்கூடியவை, செய்யும்போது உயிரைக் காப்பவை

மாருதி ஆம்னி 1984 முதல் 2019 வரை தயாரானது. 2010-ல் வந்த ஈகோ இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இரண்டிலும் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. இழுவை பின் சக்கரங்களுக்குப் போகிறது. இந்த வண்டிகளில் வரும் பெரிய கோளாறுகள் பலவும் இந்த அமைப்பை ஒட்டியவையே. மற்ற கார்களைப் போல பானெட்டைத் தூக்கினால் என்ஜின் கண்ணில் படாது. சீட்டைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். அந்தச் சோம்பலில் ஆயில் வற்றுவதும் ஹோஸ் வெடிப்பதும் தெரியாமலே போகிறது. வாரம் ஒரு நாள் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு, ஐந்து நிமிடம் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) பெல்ட், தரையில் சொட்டிய தடம் ஆகிய ஐந்தும் அந்த நேரத்துக்குள் பார்த்து முடிந்துவிடும்.

ஜாக்கி போடும் முன்

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஆயில் மாற்றத் தெரியாதவர் மாற்றினால் என்ஜின்தான் போகும். ஜாக்கி போடத் தெரியாதவர் வண்டிக்கு அடியில் போனால் ஆளே போய்விடுவார்.

ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். கியரில் போட்டு நிறுத்தினாலும் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் கியரின் பிடி போய்விடும்: தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி) இடம் கொடுப்பதால், தரையில் இருக்கும் மற்றொரு சக்கரம் தாராளமாக உருளும். அப்போது வண்டியை நிறுத்தி வைத்திருப்பது அந்த ஒற்றைச் சக்கரத்தின் ஹேண்ட் பிரேக் மட்டுமே. பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கினால் அதுவும் இல்லை. ஆகவே பின்பக்கம் தூக்கும்போது இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். முன்பக்கம் தூக்கும்போது பின் சக்கரங்களுக்குக் கொடுங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடாமல் தூக்காதீர்கள். மழை பெய்த மண்ணில் தூக்கவே வேண்டாம்.

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அடியில் தலையோ கையோ போகிற எந்த வேலைக்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி) வாங்குங்கள். 2 டன் தாங்குவது போதும். பின்புறம் ஆக்சில் குழாய்க்கு அடியிலும், முன்புறம் வண்டிப் புத்தகத்தில் காட்டியிருக்கும் பலமான இடத்திலும் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் வேண்டவே வேண்டாம். மரம் நசுங்கும்போது சத்தம் கொடுத்து எச்சரிக்கும். ஹாலோ பிளாக் ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைப் பக்கவாட்டில் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் மட்டும் அடியில் போங்கள். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பது நல்ல பழக்கம்; ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அதன்மேல் உட்காரும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். அதேபோல இறக்கிய பிறகுதான் கடைசி முறுக்கு, எதிரெதிராக. 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கூலண்ட்: என்ஜினைக் கொல்வது இதுதான்

ரேடியேட்டர் வண்டியின் முகப்பில், என்ஜின் சீட்டுக்கு அடியில். இடையில் நீளமான குழாய்கள். இணைப்புகள் அதிகம், கசிய வாய்ப்பும் அதிகம். அதோடு நம் ஊரில் போர் தண்ணீரை ஊற்றும் வழக்கம் சேர்ந்துகொள்கிறது. உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு படிகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு, ஒரு நாள் ஏற்றத்தில் லோடோடு போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுகிறது. அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போகும். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தாலோ, சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, கூலண்ட் டப்பாவில் குமிழி கிளம்பினாலோ அதற்கு மேல் ஓட்டாதீர்கள். டோ செய்து கொண்டுபோகும் செலவு, என்ஜின் இறக்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலண்ட் வாங்கினால் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. வெவ்வேறு நிறக் கூலண்டுகளைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கசடாகத் திரளும். மாற்றும்போது முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசிவிட்டு நிரப்புங்கள்.

நீளக் குழாய் என்பதால் நிரப்பும்போது காற்று சிக்கும். மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்துவைத்தே என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஹீட்டர் இருந்தால் சூட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்து, மேல் ஹோஸ் கைக்கு வெதுவெதுப்பாகும்போது மூடிவிடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மட்டத்தைத் திரும்பப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. பக்கத்தில் கை வைக்கும்போது சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைக் (என்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இது தவறு. வால்வு இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியே இருக்கும். வால்வு பழுதென்றால் புதிது போடச் சொல்லுங்கள்.

என்ஜின் ஆயில், கியர் ஆயில்

பழைய 796 சிசி ஆம்னிக்கு 20டபிள்யூ-40 ஆயில், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஈகோவுக்கு எந்த கிரேடு என்பதைப் புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். டிரெய்ன் பிளக்கின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கசிகிறதே என்று பழைய வாஷரோடு பிளக்கை மேலும் மேலும் முறுக்கித்தான் மரை கழன்றுபோகிறது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் என்ஜினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரைப் போட்டால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுவதும் தரைக்கு வந்துவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, உட்கார்ந்தபின் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். ஆம்னிக்கு முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதாக இருந்தால் ஒரே ஒரு விதி: நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். வடித்துவிட்டுப் பிறகு அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால் ஆயில் இல்லாத வண்டி வாசலில் நிற்கும். நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஆயில் வந்தால் அளவு சரி. பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை) ஹைப்பாய்ட் ஆயில். கியர்பாக்ஸுக்குப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஊற்றினால் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் பாதிக்கப்படலாம்.

பெட்ரோல், காஸ், புகை

உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேயே சூடான என்ஜின் என்பதால் பெட்ரோல் வாசனையை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் செய்யப்படவில்லை. மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா, நுனி உப்பியிருக்கிறதா என்று பார்த்து, எத்தனால் தாங்கும் ஹோஸும் புது கிளிப்பும் போட்டுவிடுங்கள். விலை கொஞ்சம்தான்.

சிஎன்ஜி சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்ய வேண்டும். இணைப்புகளில் கசிவு பார்க்க சோப்பு நுரை போதும், தீப்பெட்டி வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். எல்பிஜி வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி வேலை செய்யாதீர்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து வேனுக்குக் காஸ் ஏற்றுவது சட்டப்படி குற்றம். பிள்ளைகள் ஏறும் வண்டியில் அதைச் செய்வது அதைவிடப் பெரிய குற்றம்.

சைலன்ஸர் ஓட்டையைப் பலரும் சத்தப் பிரச்சினையாக மட்டும் நினைக்கிறார்கள். தரைத் தகடு துருப்பிடித்து, என்ஜின் மூடியின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் பீடிங்கும் கிழிந்திருந்தால் அந்தப் புகை நேரே உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகையில் எல்லோருக்கும் தலைவலியும் மயக்கமும் வந்தால், கண்ணாடிகளை இறக்கி, ஓரம்கட்டி எல்லோரையும் இறக்கிவிடுங்கள். பிறகு சைலன்ஸரையும் பீடிங்கையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டயர், பேட்டரி, பிரேக்

காற்று அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும். லோடுக்குத் தனி அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் மாற்ற வேண்டும். பக்கச் சுவரில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

பேட்டரியில் நெகடிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் குறை ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கிறது, பேட்டரியை மாற்றி பயனில்லை.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். மட்டம் இறங்கினால் சும்மா நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். ஒன்று முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. பின் சக்கர உட்புறத்தில் ஈரத்தடம் இருந்தால் வீல் சிலிண்டர் போயிருக்கிறது. அந்த ஆயில் பிரேக் லைனரில் (டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பட்டை) பட்டிருந்தால் லைனரையும் மாற்ற வேண்டும். டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சிலிண்டர் மாற்றுவதையும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதையும் (ஏர் எடுப்பது) தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

பேட் மாற்றும்போது உள்ளே தள்ளிய பிஸ்டன் தானாக வெளியே வராது. வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் உருட்டி, இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.