‘எங்கட ஆக்களோ?’ என்று கேட்பதற்கு முன்

இனவாதம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த பொது நூலகமும், தமிழர்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட 1983 ஜூலை வன்முறையும் நாம் வீட்டில் கேட்டு வளர்ந்தவை. ஆயினும் பாதிக்கப்பட்டவர்கள் என்ற அந்த நினைவே, நாம் பிறருக்கு இழைக்கும் அநீதியை நமக்கு மறைத்துவிடுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ் நகரில் அவர்களுக்கு விடப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரை ‘தோட்டக்காட்டார்’ என்று இழித்துரைக்கும் வாய்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. சாதியின் பேரால் தடுக்கப்பட்டு, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய 1968 இல் போராட வேண்டியிருந்தவர்களும் தமிழர்களே. சாதி இனம் அன்று, ஆனால் ஒதுக்கும் மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

மறைந்திருக்கும் பக்கச்சார்பு வெறுப்பாகத் தோன்றுவதில்லை. எச்சரிக்கை, வழக்கம், ‘ஒத்துவராது’ என்ற பெயர்களில் வருகிறது. அதனால் அதை நெஞ்சுக்குள் தேடுவதைவிட, முடிவெடுக்கும் இடத்தில் தேடுவதே பயன் தரும்.

வீடு வாடகைக்குக் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியில் ஒருவர் கேட்கிறார். பெயரைக் கேட்டதும், அல்லது ‘ஊர் எது, எந்தப் பக்கம்’ என்று விசாரித்ததும், ‘வேறு ஆள் பேசிவிட்டார்’ என்கிறோம். நமக்கு அது ஒரு நாகரிகமான மறுப்பு. அவருக்கோ அது அந்த வாரத்தின் ஐந்தாவது மறுப்பாக இருக்கலாம். உண்மைக் காரணத்தை எவரும் சொல்லாததால் அவரால் முறையிடவும் முடியாது. அவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தொலைவிலிருந்து வர நேர்வது இப்படித்தான். எவரும் கை ஓங்காமலே ஒரு குடும்பம் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறது.

ஆகவே, எவரும் கேட்டு வருவதற்கு முன்பே நிபந்தனைகளைத் தாளில் எழுதிவிடுங்கள்: முற்பணம், மாத வாடகை, எத்தனை பேர் தங்கலாம், கிணற்றுத் தண்ணீரைப் பங்கிடும் முறை. வருகின்ற அனைவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒருவரை மறுக்கத் தோன்றினால், அதே பதிலை உங்கள் சொந்தக்காரர் சொல்லியிருந்தால் மறுத்திருப்பீர்களா என்று பாருங்கள். தாளில் இல்லாத காரணம் என்றால், அதை ஏற்காதீர்கள். கடைக்கு ஆள் எடுப்பதற்கும் இம்முறையே பொருந்தும்.

வீட்டுப் பேச்சு இதைவிடக் கடினம். கலியாண வீட்டில் பெரியவர் ஒருவர் இழிசொல்லைச் சொல்லும்போது சபையில் அவரை மடக்கினால் அவர் இறுகிப்போவார். பின்னர் தனியே, ‘மாமா, ஆரை நினைச்சுச் சொன்னனீங்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் அவர் நேரில் அறிந்த ஒருவர்கூட இல்லை என்பது அவருக்கே தெரியவரும். பிள்ளைகள் அருகில் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்தச் சொல் தவறு என்பதை அவர்கள் அங்கேயே கேட்கட்டும்.

உங்களால் காயப்பட்ட ஒருவர் அதைச் சொல்ல முன்வந்தால், ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்று தொடங்காதீர்கள். என்ன இழந்தார் என்று கேளுங்கள். வீடு இன்னும் வெறுமையாக இருந்தால், அன்றே அவரை அழைத்து, மற்றவர்களுக்குச் சொன்ன அதே வாடகையை அவருக்கும் சொல்லுங்கள்.