ஒரு காற்புள்ளி செய்த வேலை

அக்காவின் தையல் கடைக்கு ஆர்டர் எடுக்க ஒரு சின்னப் படிவம் செய்து கொடுத்திருந்தேன். போன் எண்ணைத் தப்பாகப் போட்டால் பெட்டி சிவக்க வேண்டும். என் லேப்டாப்பில் சிவந்தது. கடையின் பழைய கணினியிலோ எதுவுமே சிவக்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானடா இருந்துச்சு" என்றாள். உண்மைதான்.

பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்க நகல்களை (கேஷ்) அழித்துப் பார்த்ததில் ஒரு மணி நேரம் வீண். அப்புறம்தான் முந்தைய நாள், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் 'ஹேஸ்' தேர்வியை (எந்தப் பகுதிக்கு அந்தத் தோற்றம் என்று குறிப்பதுதான் தேர்வி) சேர்த்தது நினைவுக்கு வந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்து வெளிப்பெட்டிக்கு நிறம் கொடுக்கும் வசதி அது. சஃபாரி 15.4இல் 2022 மார்ச்சில் வந்தது. குரோம் 105இல் அதே ஆண்டு ஆகஸ்டில். ஃபயர்பாக்ஸ் 121இல் 2023 டிசம்பரில். கடைக் கணினியில் இருந்த பிரவுசர் இதற்கெல்லாம் மூத்தது.

சரி, புரியாததை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தப்பு. காற்புள்ளி போட்டு அடுக்கிய தேர்விகளில் ஒன்று புரியாவிட்டாலும் பிரவுசர் அந்த விதி முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். நானோ பிழையான பெட்டிக்குச் சிவப்பு தரும் பழைய தேர்வியையும் 'ஹேஸ்'ஸையும் ஒரே வரியில் எழுதியிருந்தேன்!

இரண்டையும் தனித்தனி விதியாகப் பிரித்தேன். பழைய சிவப்பு திரும்பியது. புதிய வசதியை நம்பி இருந்த இட அமைப்பை பிரவுசருக்கு அது தெரிந்தால் மட்டும் செயல்படச் சொல்லும் '@சப்போர்ட்ஸ்' நிபந்தனைக்குள் வைத்தேன். பிரவுசரைப் புதுப்பிக்கலாம் என்றால், பில் போடும் மென்பொருள் நின்றுவிடுமோ என்று அக்கா தொடவே விடவில்லை.