கோடியக்கரைப் படங்களைப் பகிர்வது எப்படி

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, எங்கள் ஸ்டூடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆடியில் காற்று மண்ணை வாரி லென்ஸில் அடிக்கும், அதனால் வெளியே போவதில்லை. மார்கழி அப்படியில்லை. வேதாரண்யம் சதுப்பில் பூநாரை இறங்கியிருக்கும், கோடியக்கரைக் காடு மழை குடித்துப் பச்சையாக நிற்கும். பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்தில் சரணாலயம்.

படம் எடுக்கக் கற்றுத்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்ததை நாலு பேருக்கு அனுப்பும் வேலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. என் கணக்கு இது: கட்டடம், நிலம் என்றால் இடத்தையும் தேதியையும் எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லுங்கள். உயிருள்ளது என்றால் ஊர்ப் பெயரோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இடிந்த சுவருக்கு 'வரலாற்றின் மௌன சாட்சி' என்று தலைப்பு போடுவார்கள், எந்த ஊர்ச் சுவர் என்று இருக்காது. முட்டையிட வந்த ஆமைக்கு மட்டும் கூகுள் மேப் லிங்க் இருக்கும்.

முதலில் பொறுக்கி எடுப்பது. மெமரி கார்டில் இருப்பதையெல்லாம் குடும்ப குரூப்பில் கொட்டினால் அத்தை மட்டும் ஒரு தம்ஸ்அப் போடுவார், மற்றவர்கள் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். கல்யாண ஆல்பத்தில் நாங்கள் செய்வதையே இங்கேயும் செய்யலாம். மொத்த இடமும் தெரிகிற அகலப் படம் ஒன்று, நடுத்தரத் தூரத்தில் ஒன்றிரண்டு, கிட்டத்தில் ஒன்று. அகஸ்தியம்பள்ளி உப்பளம் என்றால் அடிவானம் வரை போகும் பாத்திகள், உப்பு வாரும் ஆட்கள், அப்புறம் பாத்தி ஓரத்தில் வெயிலில் படிந்திருக்கும் உப்புப் பரல். இந்த வரிசையில் பார்த்தாலே வராதவருக்கும் இடம் பிடிபடும். ஒரே வெளிமான் பன்னிரண்டு தடவை தலையைத் திருப்பியதை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது குறிப்பு. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. இன்றைக்கு யாராவது 'கோடியக்கரைக் காடு' என்று மட்டும் எழுதி ஒரு படம் போட்டால், அது கஜாவுக்கு முந்தைய காடா பிந்தைய காடா என்று எங்களுக்கே குழப்பம். மாதமும் வருஷமும் இருந்தால் அதே படம் ஆவணம். ராமர் பாதம் மேட்டில் ஏறி நின்று எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரமான இடம், அதிலிருந்து எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காடு எப்படித் திரும்ப வருகிறது என்று பார்க்கலாம்.

பழைய கட்டடம் என்றால் இந்த விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் ஒரு கட்டடம் இருந்தது. 2004 சுனாமி அதை இடித்துப்போட்டது. இன்று மிச்சமிருப்பது சிதைவுதான். சுனாமிக்கு முன்னால் யாரோ சுற்றுலா வந்து அதைப் பின்னணியில் வைத்து எடுத்த படம் எந்த வீட்டுப் பீரோவில் இருந்தாலும் அதற்கு இன்று தனி மதிப்பு. தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டை முன் நின்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே 1306-இல் பாண்டியர் காலத்தில் எழும்பிய மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை எந்தக் கல் வரை வந்தது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, தேதி போட்டு, மேப்பில் புள்ளியும் வைத்துப் பகிருங்கள். நாலு பக்கமும் எடுங்கள், பின்பக்கத்தை யாருமே எடுப்பதில்லை. ஒரு படத்திலாவது ஆள் ஒருவர் சுவரோரம் நிற்கட்டும், இல்லாவிட்டால் உயரம் தெரியாது. இந்த மாதிரிப் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் உரிமத்தோடு எல்லோருக்கும் பயன்படும். பெயர் உங்களுடையதாகவே இருக்கும். படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வாட்டர்மார்க் போடும் வேலை வேண்டாம், வேறு தளம் என்றால் மூலையில் சின்னதாகப் போதும்.

சரி, இப்போது உயிர்கள்.

தை, மாசியில் பங்குனி ஆமை எங்கள் கடற்கரையில் முட்டையிட ஏறும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும். ஆமைப் படத்தைப் போட்ட அடுத்த நிமிஷம் ஒருவர் கேட்பார்: "அண்ணே, சூப்பர். எந்த இடம்ணே? லொகேஷன் போடுங்க." கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் குரூப்பில் இருக்கும் மற்ற நூறு பேரை எனக்குத் தெரியாது. கடலாமை மட்டுமில்லை, தரையில் வாழும் நட்சத்திர ஆமையையும் பாருங்கள். அது இந்த நாட்டில் எவ்வளவு கடத்தப்படுகிறது என்றால், 2019-இல் அதைச் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கே ஏற்ற வேண்டி வந்தது. அப்படிப்பட்ட உயிர்களின் இருப்பிடத்தை நாமே எழுதிக் கொடுக்கலாமா?

எழுதாவிட்டாலும் போன் எழுதிவிடும். படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டு என்றால் கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக் என்பதை அணைத்துவிட்டே காட்டுக்குள் போங்கள். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொகேஷனை எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு கழன்றுவிடும். தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்புகிறோமே, அப்போது அது அப்படியே போய்ச் சேரும். டிரைவ் லிங்க் கொடுத்தாலும் அதே கதைதான்.

அதோடு முடிந்துவிடவில்லை. பின்னணியைப் பாருங்கள். கூட்டுக்குப் பின்னால் மைல்கல் தெரிகிறதா, மின்கம்பத்து எண் தெரிகிறதா, ஊர்க்காரன் பார்த்தால் அடையாளம் சொல்லக்கூடிய ஒற்றைப் பனை நிற்கிறதா? அதை வெட்டுங்கள், வெட்ட முடியாவிட்டால் படத்தையே விடுங்கள். கூடு, முட்டை, குஞ்சு இந்த மூன்றையும் நான் பகிர்வதே இல்லை. அறிவியலுக்காகப் பதிய வேண்டும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளம் இருக்கிறது. ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கித்தான் வெளியே காட்டும்.

எப்படி எடுத்த படம் என்பதும் பகிர்வில் சேர்ந்ததே. பூநாரைக் கூட்டம் மொத்தமாகப் பறக்கிற படத்துக்கு லைக் கொட்டும். அதற்காகவே சேற்றில் இறங்கி விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இரை தின்ன வந்த பறவை, ஒவ்வொரு விரட்டலும் அதன் வயிற்றில் அடிப்பதுதான். விரட்டி எடுத்தது என்று தெரிந்தால் அந்தப் படத்தைப் பாராட்டாதீர்கள், முன்னனுப்பாதீர்கள். ஆமைக் குஞ்சை இரவில் பிளாஷ் போட்டு எடுத்த படமும் அப்படியே. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் குஞ்சு ஊரும், கடலைத் தவறவிட்டுவிடும்.

பெயர் சரியாக இருக்கட்டும். கோடியக்கரையில் வெளிமானும் உண்டு, புள்ளிமானும் உண்டு. வெளிமானில் ஆணுக்குத்தான் முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகும். கொம்பில்லாத பழுப்பு நிறப் பெண்ணை எடுத்துவிட்டு 'மான் குட்டி' என்று போட்டுவிடுகிறார்கள். பூநாரையிலும் இரண்டு வகை வருகிறது. அலகு வெளிர் ரோஜாவாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரியது, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறியது. அங்கே மேயும் மட்டக்குதிரைகளைக் 'காட்டுக் குதிரை' என்று எழுதாதீர்கள், மனிதர்கள் வளர்த்து விட்டதன் வழிவந்தவை அவை.

நிறத்துக்கு வருவோம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் எரிச்சலோடு சொல்கிறேன். மண்டபத்துக்குப் பின்னால் சுவிஸ் மலையை ஒட்டச் சொல்லிக் கேட்பார்கள், ஆல்பத்தில் ஒட்டித் தருவேன். அது அவர்கள் ஆசை. காட்டுப் படத்தில் வானத்தை மாற்றினால் அது பொய். பூநாரைக் கூட்டத்தில் இளசுகள் சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றி ஏற்றி எல்லாவற்றையும் ரோஸ்மில்க் ஆக்கிவிட்டால் எது இளசு, எது வளர்ந்தது என்று பறவை பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. வெளிச்சம் கூட்டலாம், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தலாம், கானல் மங்கலைச் சற்றுக் குறைக்கலாம். அதற்கு மேல் கை வைத்தால் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

அளவு பெரிய ரகசியம் இல்லை. நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80-லிருந்து 85 வைத்தால் போன் திரைக்குத் தாராளம். எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் சேமியுங்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்திருந்தால் பலரின் போனில் நிறம் செத்துப்போய்த் தெரியும். வாட்ஸ்அப்பில் எச்டியை அழுத்திவிட்டு அனுப்புங்கள். பார்வை இல்லாதவர்களுக்காக மாற்று உரை என்று ஒரு பெட்டி பல தளங்களில் இருக்கும், அதில் 'உப்பளப் பாத்திகளுக்கு நடுவே தலையில் கூடையோடு நடக்கும் இரண்டு பெண்கள்' என்கிற மாதிரி ஒரு வரி போதும்.

அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு எடுத்தீர்களா? உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் வெடித்த பாதத்தைக் கிட்டத்தில் எடுத்து 'உழைப்பு' என்று போடுகிறவர்கள் நிறைய. முகம் தெரிகிற படம் என்றால் எடுக்கும்போது ஒருமுறை, இணையத்தில் போடலாமா என்று இன்னொருமுறை கேளுங்கள். இரண்டும் வேறு வேறு சம்மதம். அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டூடியோவில் அதற்கு டீக் காசுதான் ஆகும். படத்தைக் கையில் வாங்கியதும் அவர்கள் முதலில் ஈரக் கையைச் சேலையில் துடைப்பார்கள், அப்புறம்தான் பார்ப்பார்கள். 'இதைப் போட்டுக்கப்பா, அதைப் போடாத' என்று அவர்களே தேர்ந்து கொடுப்பதும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றது வேண்டாம்தான், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும்.

லொகேஷன் கேட்பவருக்கு நான் அனுப்பும் பதில் எப்போதும் இதுதான்: 'கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, அவர்கள் அனுமதிக்கிற வழியில் காலையில் சீக்கிரம் போங்க தம்பி. பைனாகுலர் எடுத்துக்குங்க.'