கிளைப் பாத்திரம் யாருக்குச் சொந்தம்? காமிக்ஸ் உரிமை பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

சூப்பர்மேனுக்கும் ஒரு சிறுபிராயம் இருந்திருக்குமே, அதைத் தனிக் கதையாக்கலாமே என்று சூப்பர்மேனை உருவாக்கிய எழுத்தாளர் ஜெர்ரி சீகல் 1938-லேயே பதிப்பகத்திடம் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு அவர் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குப் போயிருந்த சமயம், அதே பதிப்பகம் 'சூப்பர்பாய்' கதைகளை வெளியிட ஆரம்பித்துவிட்டது. சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் 1947-ல் வழக்குப் போட்டார்கள்.

இந்த வழக்கைக் கேள்விப்பட்டதும் பலரும் சொல்வது: "சூப்பர்மேனையே 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அவனுடைய சின்ன வயசுக்குத் தனியாக என்ன உரிமை?" பசுவை விற்றவர் இனி அது ஈனும் கன்றுகளையும் சேர்த்தே விற்றுவிட்டார் என்கிற கணக்கு. முதல் தவறு இதுதான். விசாரித்த நடுவர் அப்படிப் பார்க்கவில்லை. சூப்பர்மேன் பதிப்பகத்துக்குச் சொந்தம், ஏனென்றால் விற்றாகிவிட்டது. சூப்பர்பாய் சீகலுடையது, ஏனென்றால் அதை அவர் விற்கவே இல்லை என்றார். ஆனாலும் 1948-ல் சமரசம் என்ற பெயரில் சுமார் 94,000 டாலரை வாங்கிக்கொண்டு இருவரும் இரண்டையுமே கைகழுவ நேர்ந்தது. சட்டம் சொன்னது ஒன்று, கையில் கிடைத்தது வேறு.

ஏற்கெனவே இருக்கும் ஒரு பாத்திரத்திலிருந்து கிளைத்து வரும் மகன், மகள், எதிர்காலப் பதிப்பு, இன்னொரு உலகத்து இரட்டை, அதே முகமூடியை மாட்டிக்கொள்ளும் அடுத்த ஆள் எல்லோரையும் இங்கே கிளைப் பாத்திரம் என்கிறேன். இவர்களைப் பற்றிய அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை எளிது. கிளை வரையலாம் என்று அனுமதி தரும் உரிமை மூலப் பாத்திரத்தின் உரிமையாளருக்கு. அனுமதியோடு வரைந்தவர் புதிதாகச் சேர்த்த பகுதியின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, சேர்த்தவருக்கு. (பதிப்புரிமை என்றே சொல்கிறேன். காப்புரிமை என்று எழுதுவது நம்மிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம்; அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது, ஸ்பைடர்மேனுக்கு அல்ல.)

அனுமதி என்ற சொல்லைத் தாண்டிக் குதிப்பது அடுத்த தவறு. "நானே யோசித்து வரைந்தேன், அதனால் என்னுடையது" என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். 'ராக்கி' படங்களின் அடுத்த பாகத்துக்கு ஒருவர் தாமாகவே கதைச்சுருக்கம் எழுதிக் கொடுத்து, பிறகு வழக்கும் போட்டார். 1989-ல் அமெரிக்க நீதிமன்றம், அனுமதி இல்லாமல் பிறர் பாத்திரங்களை வைத்து எழுதியதால் அவருக்கு அதில் பதிப்புரிமையே கிடையாது என்றது. காமிக்ஸுக்கும் இதே கதைதான்.

அழைப்பின் பேரில் எழுதினால் நிலைமை தலைகீழ். அதற்கு ஸ்பான் என்ற காமிக்ஸ் நாயகனைப் பற்றிய வழக்கைவிட நல்ல பாடம் இல்லை, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தங்கள் பாத்திரங்கள் தங்களிடமே இருக்க வேண்டும் என்பதற்காக மார்வெலை விட்டு வெளியேறிய ஓவியர்கள் 1992-ல் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான டாட் மெக்ஃபார்லேன் தம் ஸ்பான் தொடரின் 9-வது இதழை எழுத எழுத்தாளர் நீல் கெய்மனை அழைத்தார். 1993-ல் வந்த அந்த இதழில் ஏஞ்சலா, இடைக்கால ஸ்பான், காக்லியாஸ்ட்ரோ என்று மூன்று புதியவர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பெரிய பதிப்பகங்களைவிட நன்றாகவே நடத்துவேன் என்ற வாய்மொழி உறுதிதான். உறவு கசந்ததும் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

"கெய்மன் தந்தது வெறும் யோசனை, உருவம் கொடுத்தது நான்" என்பது மெக்ஃபார்லேன் தரப்பு வாதங்களில் ஒன்று. எழுத்தாளரையும் ஓவியரையும் இப்படிப் பிரித்து நிறுத்துவதை நம்மவர்களும் விரும்பிச் செய்கிறோம். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காமிக்ஸ் பலர் கை சேர்ந்து உருவாவது. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவருடைய பங்கு பதிப்புரிமைக்குப் போதாமல் இருக்கலாம், சேர்ந்த பாத்திரம் இருவருக்கும் கூட்டுச் சொத்து என்றது. இடைக்கால ஸ்பான் மூல ஸ்பானின் கிளைதான், ஆனாலும் தனியாக அடையாளம் காணும் அளவுக்கு வேறுபட்டவன் என்றும் சொன்னது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். மெக்ஃபார்லேன் தரப்பு இன்னொரு பழங்கால ஸ்பானையும், ஏஞ்சலாவைப் போலவே இருந்த டிஃபனி, டாமினா என்ற இருவரையும் வெளியிட்டது. இவர்கள் என் பாத்திரங்களின் கிளைகள் என்று கெய்மன் திரும்ப வந்தார். 2010-ல் நீதிபதி பார்பரா க்ராப் மூவரும் கிளைகளே என்று தீர்ப்பளித்தார். ஆக, பெயரையும் நூற்றாண்டையும் மாற்றிவிட்டால் புதுப் பாத்திரம் ஆகிவிடும் என்று நம்புவது மூலவரே செய்யக்கூடிய தவறு. 2012-ல் சமரசத்தில் முடிந்தது.

இவ்வளவும் சொத்துரிமை. பெயர் போடுவது வேறு, பணப் பங்கு வேறு. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் என் பார்வையில் பெரிய தவறு. 1975-ல் சூப்பர்மேன் நிறுவனம் சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் ஓய்வூதியமும், உருவாக்கியவர்கள் என்ற பெயர் வரியும் தர ஒப்புக்கொண்டது. சொத்து நகரவில்லை. அதேபோல் சம்பளத்துக்கு வேலையாகச் செய்த படைப்பு என்று முடிவானால், 2013-ல் மார்வெலுக்கு வரைந்த ஓவியர் ஜாக் கர்பியின் குடும்பத்துக்கு எதிராக வந்த தீர்ப்பைப் போல, உரிமையைப் பிற்காலத்தில் திரும்பக் கேட்கும் வழியும் அடைபடும். பெயரும் பங்கும் மட்டும் பேரம் பேசக் கிடக்கும்.

அந்தப் பங்கில்தான் 'கிளை' என்ற சொல் கத்தியாகிறது. கில்லர் ஃப்ராஸ்ட் என்ற வில்லியை 1978-ல் உருவாக்கியவர்கள் ஜெர்ரி கான்வேயும் ஆல் மில்க்ராமும். அதே பெயரைப் பின்னாளில் ஏற்ற கெய்ட்லின் ஸ்நோ, தி ஃப்ளாஷ் தொலைக்காட்சித் தொடரில் முக்கியப் பாத்திரமானாள். அவளை உருவாக்கியது யார் என்று கேட்டால் சூப்பர்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனத்தின் கணக்கில் யாருமே இல்லை என்று கான்வே 2015-ல் வெளிப்படையாகவே எழுதினார். அன்று அவர் சொன்னபடி, அவள் கிளை என்பதால் அவளை எழுதியவர்களுக்குப் பங்கில்லை. அவளை எழுதியது பழையவர்கள் இல்லை என்பதால் அவர்களுக்கும் இல்லை.

கிளை என்று ஒப்புக்கொண்டால் வேர் ஒன்று இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? நிறுவனம் சொத்தை வைத்துக்கொள்ளட்டும். கோடிகளைப் போட்டு நட்டத்தைச் சுமப்பதும் அவர்கள்தான். ஆனால் படைப்பாளிக்கு என்று ஒதுக்கும் பங்கு பூஜ்யமாக வழியில்லை. மூலவருக்குப் பாதி, கிளை வரைந்தவருக்குப் பாதி என்றோ வேறு விகிதத்திலோ பிரிக்கலாம். பிரிப்பது கடினம் என்பது கொடுக்காமல் இருக்கக் காரணமாகாது.

பதிப்புரிமை காலாவதியாகும் கணக்கிலும் ஒரு சின்னச் சறுக்கல் உண்டு. 1938-ன் சூப்பர்மேன் 2034 தொடக்கத்தில் அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆவான். அந்த ஆண்டு விடுதலை ஆகிறவன் 1938 கதையில் வந்த, தாவிக் குதிக்கும், இன்னும் பறக்கத் தெரியாத மனிதன் மட்டும். 1959-ல் வந்த சூப்பர்கேர்ள் அவனோடு கைகோத்து வெளியே வரமாட்டாள்.

ஏஞ்சலா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். கெய்மன் வழியாக 2013-ல் மார்வெலுக்கு வந்து சேர்ந்தாள். மறு ஆண்டே அவளைத் தோரின் தொலைந்துபோன அக்கா ஆக்கிவிட்டார்கள். நாளை யாராவது அவளுக்கு ஒரு மகளை எழுதினால், அந்தப் பெண் 1993-ன் ஏஞ்சலாவுக்குக் கிளையா, தோரின் தந்தை ஓடினின் வம்சத்துக்குக் கிளையா? எழுதப்போகிறவர் முதல் பக்கத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.