பிராக் நகரின் பெட்ரின் கோபுரம்: முதன்முறை ஏறுவோருக்கான வழிமுறை

செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், வல்டாவா ஆற்றின் மேற்குக் கரையில் உயரும் பெட்ரின் குன்றின் மேல், 1891ஆம் ஆண்டுக் கண்காட்சியையொட்டிக் கட்டப்பட்ட இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1889இல் பாரிஸுக்குச் சென்று ஈஃபில் கோபுரத்தைக் கண்டு வியந்த செக் சுற்றுலாக் கழகத்தினரின் முயற்சியால் எழுந்த இதன் உயரம் 63.5 மீட்டர்தான்; ஆயினும் குன்றே 300 மீட்டருக்கு மேல் இருப்பதால், உச்சியிலிருந்து நகரம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். பழைய நகரம் கோபுரத்துக்குக் கிழக்கே இருப்பதால், காலையில் அத்திசையை நோக்கினால் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். பிற்பகலிலோ சூரியன் முதுகுப்புறம் இருந்து ஓட்டுக்கூரைகளின் செந்நிறத்தை முழுமையாகக் காட்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, குன்றின் மேல் செல்ல வேண்டும். அடிவாரத்து ஊயெஸ்ட் நிறுத்தத்திலிருந்து கம்பிவடத்தால் குன்றின் மேல் இழுக்கப்பட்டுச் செல்லும் இழுவை ரயில் 2024 செப்டம்பரில் புதுப்பிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டது. ஆகவே, அது ஓடுகிறதா என்று புறப்படும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்க்க விரும்புவோர் 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, ஸ்ட்ராஹோவ் மடாலயத்தின் வழியாக நடப்பதே நல்லது என்பது என் கருத்து.

நுழைவுச்சீட்டு வாங்கியபின் 299 படிகள் காத்திருக்கின்றன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிச் சுழற்படிகள் அமைந்திருப்பதால் எதிரே வருவோருக்காக ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. இந்த அமைப்பைச் சிந்தித்த பொறியாளர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். படிகள் திறந்தவெளியில் இருப்பதால் காற்று பலமாக வீசும். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். சுமார் 20 மீட்டர் உயரத்திலுள்ள முதல் தளத்தில் கட்டாயம் சற்று இளைப்பாறுங்கள். படியேற இயலாதவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் சிறிய மின்தூக்கி உண்டு.

மேல்தளத்தை அடைந்ததும் வடக்கிலிருந்து தொடங்குங்கள். அங்கே பிராக் கோட்டையும், அதன் நடுவே புனித வைட்டஸ் பேராலயத்தின் கூர்முனைகளும் தெரியும். அங்கிருந்து வலப்புறம் மெல்லத் திரும்பினால் ஆறும், அதன் மேல் சார்லஸ் பாலமும், அதற்கப்பால் பழைய நகரமும் வரிசையாக வரும். இவ்வாறு ஒழுங்காகப் பார்த்தால், மறுநாள் கீழே தெருக்களில் நடக்கும்போது திசை தடுமாறாது.

இறங்கியதும் உடனே திரும்பிவிடாமல், 1360களின் தொடக்கத்தில் நான்காம் சார்லஸ் மன்னர் எழுப்பிய ‘பசிச் சுவர்’ என்னும் பழைய நகர மதிலை அருகிலேயே பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.