ஆழமான ஆற்றில் தக்கை போட்டு மீன் பிடிக்க எந்த ரீல், எந்த ராடு?

ஒகேனக்கல்லைத் தாண்டி வரும் காவிரியில் கரையை ஒட்டியே மடு விழுந்த இடங்கள் உண்டு. நாகமரைப் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும்போதும் அப்படித்தான். இங்கே ஏழடி ராடில் தக்கையைத் தூண்டில் நரம்போடு இறுக்கிக் கட்டினால் வேலைக்கு ஆகாது. 15 அடி ஆழத்துக்கு முள்ளை இறக்க, தக்கைக்குக் கீழே 15 அடி நரம்பு தொங்க வேண்டும். அதை வைத்து எப்படி வீசுவது? நரம்பில் ஏறி இறங்கும் ஓடும் தக்கைதான் வழி. அதற்கேற்றது, கட்டைவிரலால் ஸ்பூலை (நரம்பு சுற்றியிருக்கும் உருளையை) அடக்கி நரம்பை விட முடிகிற பெய்ட்காஸ்டிங் ரீல்.

முதலில் இடம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் தூண்டில் போடாதீர்கள். அணைப் பகுதியில் மீன்வளத்துறை அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மஷீர் மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். காவிரியின் திமில் மஷீர் அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்.

ரீல் வாங்கும்போது உருண்டை வடிவ ரீலையே எடுங்கள். 0.35 மி.மீ. நரம்பு 150 மீட்டராவது பிடிக்க வேண்டும். லூர் (செயற்கை இரை) வீசுவதற்கென்று வரும் தட்டை ரீல்கள் பலவற்றில் ஸ்பூல் ஆழம் குறைவு. 30 மீட்டர் வீசி, இன்னும் 40 மீட்டர் ஓட்டத்தில் விட்டால் மீனுக்குக் கொடுக்க நரம்பு மிஞ்சாது. கியர் 5.3:1 போதும், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 5.3 சுற்று. 7:1, 8:1 ரீல்கள் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆழத்திலிருந்து பெரிய மீனைத் தூக்கும்போது கைப்பிடி கனக்கும்.

கடையிலேயே ஒன்றைப் பாருங்கள். ஸ்பூலுக்கு முன்னால் நரம்பை இடமும் வலமும் ஓட்டும் சின்னக் கண் இருக்கும். தக்கையை ஆழத்தில் நிறுத்தும் நூல் முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் அதற்குள் நுழைந்து போக வேண்டும். கண் குறுகலாக இருந்தால் முடிச்சு இடறும், அந்த நொடியே ஸ்பூல் சிக்கும். ராடின் வளையங்களுக்கும் இதே கணக்கு, மிகச் சின்ன வளையம் வேண்டாம்.

ராடு எட்டரை அடியிலிருந்து பத்தடிக்குள், 15–40 கிராம் எடை வீசக்கூடியதாக, நடுவரை வளைவதாக இருக்கட்டும். நீளம் எதற்கென்றால், தண்ணீர் மேல் கிடக்கும் நரம்பை ஓட்டம் வில்லாக வளைத்துத் தக்கையை இழுக்கும். நீள ராடால் அந்த நரம்பைத் தூக்கி எடுக்கலாம்.

பிரெய்டு (பின்னல் நரம்பு) மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாறையில் உரசினால் சட்டென்று அறும், நூல் முடிச்சும் அதன் மேல் வழுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் 0.35 மி.மீ. சாதா நரம்பே போடுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாகச் சுற்றுங்கள்.

கட்டும் வரிசை: நரம்பின் மேல் தையல் நூலால் ஐந்து சுற்று முடிச்சு, எச்சில் தொட்டு இறுக்கி, முனைகளை 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் விறைத்து வளையத்தில் மாட்டும், நீளமாக விட்டால் மடங்கிப் போகும். பிறகு சிறு துளை மணி, 15 கிராம் தாங்கும் தக்கை, 10 கிராம் துளை ஈயம், ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அரை மீட்டர் 0.30 மி.மீ. லீடர் (முள் கட்டும் கடைசித் துண்டு நரம்பு), அதில் நரம்பைக் கவ்வும் 1 கிராம் கடி ஈயம் இரண்டு, 6-ஆம் நம்பர் முள். லீடர் மெலிதாக இருப்பதால், பாறையில் மாட்டினால் முள்ளோடு போகும், தக்கை மிஞ்சும்.

ஆழம் பார்க்க முள்ளில் கனமான ஈயம் மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகினால் முடிச்சு வைத்த அளவைவிட ஆழம் அதிகம், படுத்தால் குறைவு. முடிச்சை அரையடி அரையடியாக நகர்த்துங்கள். மிர்காலுக்குத் தரையை ஒட்டி, ரோகுவுக்கு நடுத்தண்ணீரில், கட்லாவுக்கு மேலே மூன்று நான்கு அடியில்.

இரைக்கு ராகிக் களியில் கொஞ்சம் மைதா பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டலாம். வெடுக்கென்று வீசினால் காற்றிலேயே உதிரும். ராடைப் பின்னால் கொண்டுபோய் மெதுவாகத் தள்ளுவதுபோல வீச வேண்டும்.

வீசுமுன் ராடை உயர்த்தி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஈயம் மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்குப் பக்கத் திருகை முறுக்குங்கள். ஸ்பூல் வேகத்தை அடக்கும் காந்த பிரேக் பத்தில் ஏழு. தக்கை தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலை ஸ்பூலில் வையுங்கள், கைப்பிடியை மட்டும் உடனே சுற்றாதீர்கள். ஈயம் இறங்க நரம்பு தக்கைக்குள் ஓட வேண்டும். அவசரப்பட்டுப் பூட்டினால் இரை ஊசல்போலக் கரைப்பக்கம் வரும், தக்கை படுத்தே கிடக்கும். முடிச்சு மணியைத் தொட்டதும் தக்கை நிமிரும். பிறகு விரலால் உரசியபடி ஓட்டத்தோடு விடுங்கள்.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை நழுவ விடும் பிடி. நரம்பை வில் தராசில் மாட்டி இழுத்து, 2 கிலோவில் நழுவும்படி அதை வையுங்கள்.

ஸ்பூல் சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். கட்டைவிரலை ஸ்பூல் மேல் அழுத்தி, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெதுவாக உருவுங்கள். பெரும்பாலான சிக்கு அதிலேயே பிரிந்துவிடும்.